பள்ளியில் ஒரு பரிசோதனைக் கலை மாலை: எந்தக் கருவி, எவ்வளவு வேலை, எங்கே சொதப்பும்?

வடசேரி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பள்ளியில் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை வைத்து ஜனவரிக் கடைசியில் ஒரு மாலை நேரக் கலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று இருக்கிறோம். நடனப் போட்டி, சார்ட் ஒட்டிய கண்காட்சி எல்லாம் வேண்டாம். வருகிற பெற்றோரும் ஊர்க்காரர்களும் கையால் தொட்டு, நிழலை அசைத்து, சத்தம் எழுப்பிப் பார்க்கிற மாதிரி இருக்கணும். அதைப் பிள்ளைகளே கட்டணும். கணினி அதில் ஒரு கருவியாக மட்டும் இருந்தால் போதும்.

கையில் இருப்பது: ஒரு புரொஜெக்டர், ஆறு டெஸ்க்டாப் (இரண்டில் விண்டோஸ் 7, மற்றதில் 10), ஒரு லேப்டாப், ஒரு வெப்கேம், ஆண்டுவிழா ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஹால் 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மேற்குப் பக்கம் முழுக்க ஜன்னல். செலவுக்கு 8,000 ரூபாய் வரை கேட்டு வாங்கலாம். வாரம் இரண்டு பீரியட், எட்டு வாரம் கிடைக்கும். ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது.

என்ன கருவி எடுக்கலாம், எது முதலில் கெட்டுப்போகும், போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள இந்தப் பக்கம் ஏதாவது நடக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பாவைநிழல்

டீச்சர், கருவியிலிருந்து தொடங்கினால் கடைசியில் கருவிக் கண்காட்சிதான் நடக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் எழுதட்டும்: வருகிறவர் என்ன செய்வார், உடனே என்ன நடக்கும். "கையை நீட்டினால் நிழல் மூன்று விநாடி கழித்து நீட்டும்." இப்படி ஒரு வரியில் அடங்காத யோசனையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். 36 பேருக்கு நான்கு இடம், இடத்துக்கு ஒன்பது பேர். அதுக்கு மேல் போனால் வயர் பார்க்க ஆள் இருக்காது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நம்ம மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. இங்கே தோல்பாவைக் கூத்து ஆடுகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. பதப்படுத்திய ஆட்டுத்தோல் வெளிச்சத்தை விடும். அதனால்தான் திரையில் கருப்பு நிழலோடு சிவப்பும் பச்சையும் தெரிகிறது. நகைகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்னத் துளை போட்டிருப்பார்கள், அது வெளிச்சப் புள்ளியாக மின்னும். பாவையை ஏன் திரையோடு ஒட்டியே ஆட்டுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு பீரியட் ஓடிவிடும்.

கணக்கு இதுதான். நிழலின் ஓரக் கலங்கல் = விளக்கின் அகலம் × பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரம் ÷ விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரம். 10 செ.மீ. அகலமுள்ள எல்இடி ஃபிளட் விளக்கைத் திரையிலிருந்து 3 மீட்டரில் வைத்து, பாவையைத் திரைக்கு 30 செ.மீ. முன்னால் பிடித்தால் ஓரம் ஒரு செ.மீ.க்கு மேல் கலங்கும், முகம் தெரியாது. அதே பாவையைத் திரையோடு அழுத்தினால் கலங்கல் மில்லிமீட்டர்கூட இருக்காது. பாவையை முன்னும் பின்னும் கொண்டுபோய் ஆளைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமென்றால் விளக்கு ஊசிமுனை மாதிரி சின்னதாக இருக்கணும். செல்போன் டார்ச் அதற்கு அருமையானது. விளக்கு திரையிலிருந்து 3 மீட்டர், பாவை நடுவில் 1.5 மீட்டர் என்றால் 30 செ.மீ. பாவை 60 செ.மீ. ஆகத் தெரியும்.

பாவைக்கு ஆட்டுத்தோல் வேண்டாம், ஒளி ஊடுருவும் ஓஹெச்பி பிளாஸ்டிக் ஷீட் போதும். பெர்மனென்ட் மார்க்கரால் இரண்டு பக்கமும் வண்ணம் போட்டால் நிறம் அடர்த்தியாக விழும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் திரையில் வெளிறிப் போகும். மூட்டுக்கு நூல் முடிச்சு, பிடிக்க ஈர்க்கில். பச்சை ஈர்க்கில் வளையும், இரண்டு நாள் காய்ந்ததை எடுங்கள். செல்லோ டேப் விளக்குச் சூட்டில் நழுவும், நூலால் தைத்துவிடுங்கள்.

திரைக்கு ஒட்டுப்போடாத ஒற்றை பெட்ஷீட், வெள்ளை, சன்ன நெசவு. இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்தால் தையல் கோடு படத்தின் நடுவில் ஓடும். மேலேயும் கீழேயும் பைப்போ மூங்கிலோ செருகி இழுத்துக் கட்டுங்கள். சுருக்கம் இருந்தால் கோடு கோடாகத் தெரியும்.

புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் வருகிறவர்களே குறுக்கே நிற்பார்கள். பள்ளிகளில் இருக்கும் வகையில் தூரத்தை 1.5-ஆல் வகுத்தால் பட அகலம் ஏறத்தாழக் கிடைக்கும்: 3 மீட்டருக்கு 2 மீட்டர். மெனுவில் "ரியர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து நேராகும். உங்கள் ஹாலில் பின்னால் 3.5 மீட்டர், முன்னால் 5.5 மீட்டர் மீதி. துணி வழியாக லென்ஸ் ஒரு வெள்ளைப் பொட்டாகக் கண்ணைக் குத்தும். அதைத் தவிர்க்க புரொஜெக்டரைத் தரையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்து, மெனுவில் கீஸ்டோனை (கோணலான படத்தை நேராக்கும் அமைப்பு) சரிசெய்யுங்கள். பொட்டு பார்வைக்குக் கீழே இறங்கிவிடும். பின்பக்கம் வேலை செய்கிற பிள்ளைகள் லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்று விநாடி தாமத நிழலுக்கு நிரல் எழுதவே வேண்டாம். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ மென்பொருள் இலவசம், விண்டோஸ் 10 உள்ள கணினியில் ஏறும். வெப்கேமை "வீடியோ கேப்சர் டிவைஸ்" ஆகச் சேர்த்து, அதன் மேல் வலது கிளிக் செய்து ஃபில்டர்ஸ் போய் "வீடியோ டிலே" சேர்த்து 3000 மில்லிவிநாடி என்று கொடுங்கள். வெப்கேம் படத்தை 640 × 480-இல் வைத்தால் பழைய கணினிக்கு மூச்சு முட்டாது. கடைசியில் முன்னோட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர். இங்கே கெடுவது ஒன்றுதான்: இருட்டில் வெப்கேம் தானாகவே விநாடிக்கு 30 பிரேமிலிருந்து 15-க்கோ அதற்கும் கீழோ இறங்கி, படம் இழுபடும். கேமரா அமைப்பில் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு, வருகிறவர் முகத்தில் மட்டும் விழுகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு 9 வாட் பல்பு போடுங்கள், அட்டைக் குழாய் மாட்டி, திரையில் வெளிச்சம் படாமல்.

கூத்துக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டால் மேடையில் பத்து நிமிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூன்றாவது வாரம் பட்டறைக்குக் கூப்பிடுங்கள், கூலியை முதலிலேயே பேசிக் கையில் கொடுங்கள். 8,000-இல் பெரிய பங்கு அதற்குப் போனாலும் சரியான செலவுதான்.

மின்சுற்று

பாவைநிழல் அண்ணன் சொன்னதில் எனக்கு வேறுபாடு இல்லை. தொட்டால் சத்தம் வருகிற பகுதியை நான் சொல்கிறேன்.

பலரும் மேக்கி மேக்கி பலகையை வாங்கச் சொல்வார்கள். அது தன்னைக் கணினிக்கு விசைப்பலகையாகக் காட்டிக்கொள்ளும். நாம் ஒரு கையால் பலகையின் எர்த் கம்பியைப் பிடித்து மறு கையால் வாழைப்பழத்தைத் தொட்டால் ஸ்பேஸ் விசை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். உள்ளே 22 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் உடம்பு வழியாகப் போகிற துளி மின்னோட்டமே அதற்குப் போதுமாகிறது. நல்ல பலகை. ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அர்டுவினோ வகைச் சின்ன நிரல் பலகையான புரோ மைக்ரோ வாங்கிப் பிள்ளைகளே அதைச் செய்யலாம். அதே வகையில் ஊனோ வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாக விசைப்பலகையாக மாறாது. 32யு4 சிப் உள்ள லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வேண்டும்.

ஒவ்வொரு தொடு தகட்டுக்கும்: பலகையின் ஒரு பின்னிலிருந்து (வயர் இணைக்கும் முனை) தகட்டுக்கு ஒரு வயர், அதே பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டர் (இதைத்தான் புல்அப் என்பார்கள்). பலகையின் எர்த் முனையை (சுவர் பிளக்கின் எர்த் அல்ல) ஒரு சில்வர் டம்ளரில் இணைத்துவிடுங்கள், வருகிறவர் இடக்கையில் அதைப் பிடிக்கணும். வோல்டேஜ் 5-இன் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பின் அதைத் தொடுதல் என்று எடுக்கும். கணக்குப் போட்டால் இரண்டு கைக்கும் இடையே 4.3 மெகாஓமுக்குக் குறைவாக இருக்கும்வரை வேலை செய்யும். காய்ந்த கைக்கும் இது தாராளம். பலகையின் உள்ளேயே இருக்கிற புல்அப்பை நம்பினால் நடக்காது, அது 20 முதல் 50 கிலோஓம்தான், மனிதத் தோலைக் கண்டுகொள்ளவே செய்யாது.

செலவே வேண்டாம் என்றால் பழைய யுஎஸ்பி கீபோர்டைத் திறந்து உள்ளிருக்கும் சின்னப் பலகையை எடுத்துக்கொள்ளலாம். நோட்பேடைத் திறந்து வைத்து, இரண்டு வரிசைத் தொடுமுனைகளை வயரால் சேர்த்துச் சேர்த்து எந்த எழுத்து வருகிறது என்று அட்டவணை போடணும். ஒரு குழுவுக்கு அருமையான வேலை. ஆனால் இரண்டு தொல்லை உண்டு. முனைகள் கருப்புக் கார்பன் பூச்சாக இருந்தால் ஈயம் ஒட்டாது, பிளேடால் சுரண்டிச் செம்பு தெரிந்த பிறகு பற்றவைக்கணும். அடுத்தது, இதற்கு உடம்பு வழி மின்னோட்டம் பற்றாது. இரண்டு அலுமினியத் தாள்கள் நேரடியாக முட்டினால்தான் வேலை செய்யும். ஆகவே இது மிதி பலகைக்கு, கதவுக்கு, பெட்டி மூடிக்கு. தொடுவதற்கு அல்ல.

அலுமினியத் தாளில் சாதாரண ஈயம் ஒட்டாது. வயரின் நுனியை உரித்து விசிறி மாதிரி பரப்பி, தாளை அதன் மேல் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள்.

நிரலுக்கு, கட்டளைக் கட்டைகளை அடுக்கி எழுதுகிற ஸ்கிராட்ச் 3 போதும். விண்டோஸ் 7 உள்ள இரண்டு கணினியிலும் அந்தச் செயலி ஏறாது, அவற்றை ஒலி வெட்ட ஒதுக்குங்கள். எல்லாரும் விழுகிற குழி இது: "ஸ்பேஸ் விசை அழுத்தும்போது" கட்டையில் ஒலியைத் தொடங்கினால், கையை எடுக்காமல் வைத்திருப்பவருக்கு ஒலி திக்கித் திக்கி முதலிலிருந்தே ஓடும். விசைப்பலகை தானாகவே திரும்பத் திரும்ப அழுத்தத்தை அனுப்புவதுதான் காரணம். அதற்குப் பதிலாகப் பச்சைக்கொடியில் தொடங்கி, "எப்போதும்" என்ற வளையத்துக்குள் "ஸ்பேஸ் அழுத்தப்பட்டால் ஒலியைத் தொடங்கு, ஸ்பேஸிலிருந்து கை எடுக்கும் வரை காத்திரு" என்று எழுதணும். நான்கு தகட்டுக்கு நான்கு தனி வளையம். ஒரே வளையத்தில் நான்கையும் போட்டால் ஒருவர் கை எடுக்கும்வரை மற்ற மூன்றும் ஊமை.

கேமரா அசைவை ஸ்கிராட்ச் அறிகிற வசதியையும் பிள்ளைகள் கேட்பார்கள். வையுங்கள். ஆனால் கேமராவின் பார்வையில் திரை வரக்கூடாது. வந்தால் திரையில் அசைகிற படத்தையே ஆள் அசைவாக எடுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும்.

கடலோரக் காற்று

டீச்சர், சுருக்கமாச் சொல்லுதேன். ஜனவரிக் கடைசின்னு வச்சது நல்ல முடிவு. நமக்கு ரெண்டு மழை. ஜூன், ஜூலையும் வேண்டாம், அக்டோபர் தொட்டு டிசம்பர் முதல் பாதியும் வேண்டாம். பிப்ரவரி தாண்டினா பரீட்சை வந்துரும்.

மேற்கு ஜன்னல்தான் உங்க எதிரி. சூரியன் மறைஞ்சு இருபது நிமிஷம் கழிச்சுத்தான் துணித் திரையில படம் நிக்கும். அதனால 5:30-க்குத் தொடங்கினா முதல்ல தொடுறதும் கேக்குறதும், 6:45-க்கு மேல நிழல்னு வச்சுக்கிடுங்க. கருப்புத் துணி வாடகைக்கு எடுத்தா அடிப்பாகத்தை ஒட்டாம விடாதீங்க, கீழ இருந்து வாற வெளிச்சம்தான் கூடுதல் கெடுக்கும்.

கரண்ட் போனா என்ன செய்யணும்னு இப்பவே முடிவு பண்ணுங்க. லாம்ப் வகை புரொஜெக்டர் சூட்டோட அணைஞ்சா உடனே எரியாது, ஆற நாலஞ்சு நிமிஷம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் செல்போன் டார்ச்சும் பாவையும். அதை ஒரு பத்து நிமிஷப் பகுதியா முன்னாடியே பழக்கி வச்சிருந்தா, கரண்ட் போனது வந்தவங்களுக்குத் தெரியவே செய்யாது.

அனுமதிக் கடிதத்துல ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேளுங்க: பிள்ளை கலந்துக்கிடலாமா, பிள்ளையோட படத்தையும் குரலையும் வெளியில போடலாமா. ரெண்டையும் ஒரே கையெழுத்துல முடிக்காதீங்க. தாமத நிழல் இடத்துல கேமரா ரெக்கார்ட் பண்ணலேன்னு தமிழ்ல பெருசா எழுதி ஒட்டுங்க, நிசமாவே ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீங்க.

ஒலிக்காரன்

சத்தத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான். நான்கு தகட்டில் சினிமாப் பாட்டைப் போட்டால் அத்தனை உழைப்பும் வீண். பிள்ளைகளின் ஊரிலேயே சத்தம் கொட்டிக் கிடக்கிறது. தோவாளைப் பூச்சந்தையின் விடியற்கால ஏலம், சிரட்டையில் ரப்பர் பால் சொட்டுவது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலை இறக்கை வெட்டுவது, குளச்சலில் வள்ளத்தின் எஞ்சின். ஒவ்வொரு பிள்ளையும் 20 விநாடி கொண்டுவரட்டும். சுசீந்திரத்து இசைத்தூண்களைத் தட்டிப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தட்டத் தட்டக் கல் தேயும்.

செல்போனே போதும். ஆனால் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் மேல்சுருதியெல்லாம் வெட்டுப்பட்டுச் சத்தம் தட்டையாகிவிடும். ரெக்கார்டர் செயலியில் வேவ் வடிவில் எடுத்து, "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி, 20 விநாடிக்கு 2 எம்பிக்குள். ஸ்கிராட்ச் தளத்தில் ஒரு கோப்புக்கு 10 எம்பிதான் இடம், இது தாராளமாக அடங்கும்.

கடற்கரையில் காற்றுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். மைக் துளையின் மேல் பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்சு ஒரு துண்டு, அதன் மேல் பொம்மையின் ரோமத் துணி, ரப்பர் பேண்டால் கட்டணும். அப்படியும் "புப்பு" என்று வந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஹை பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். அலைச் சத்தத்துக்குத் தண்ணீர் ஓரம் போக வேண்டியதில்லை. 20 மீட்டர் தள்ளி, ஒரு மறைவின் பின்னால் நின்றால்தான் அலையின் ஏற்றமும் இறக்கமும் தனித்தனியாகக் கேட்கும், கிட்டப் போனால் ஒரே இரைச்சல். முட்டத்துப் பாறைகளில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. ரப்பர் பாலுக்கு நேர்மாறு: போனைச் சிரட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துவிட்டு ஆள் விலகி நிற்கணும், மூச்சு கேட்கும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடம், தேதி, தன் பெயர் சொல்லி, பிறகு ஐந்து விநாடி பேசாமல் இருக்கட்டும். வெட்டும்போது அந்த ஐந்து விநாடிதான் கை கொடுக்கும்.

இன்னொரு இடத்துக்கு ஒரு யோசனை: வில்லுப்பாட்டில் வருகிற மாதிரி ஒரு மண்குடம், அதில் ஒரு பீசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வட்டத் தகடு). 27 எம்எம் தகடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பத்து இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். வெளிப்புறப் பித்தளையில் ஒரு வயர், நடு வெள்ளைப் பூச்சில் ஒரு வயர். வெள்ளைப் பூச்சில் சூட்டுக்கோலை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும், ஐந்தாறு உதிரித் தகடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடத்தில் ஒரு சொட்டு பசைத் துப்பாக்கிப் பசை விட்டால் வயர் பிய்யாது. குடத்தின் கழுத்துக்குக் கீழே இரட்டைப் பக்க டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். விரலால் வருடினாலே ஹால் முழுக்கக் கேட்கும். ஸ்பீக்கர் குடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, முகம் திரும்பி இருக்கணும், இல்லாவிட்டால் ஊளையிடும்.

வடசேரி டீச்சர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. வாக்கியம் எழுதுகிற வேலை நடந்தது, 11 யோசனையில் 4 மிஞ்சியது. புரோ மைக்ரோவும் பீசோவும் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். மூன்று சந்தேகம்.

ஒன்று, தகடுகள் வெயில் நாளில் நன்றாக இருக்கின்றன. மழை பெய்த அன்று யாரும் தொடாமலே இரண்டு தகடு தானாக அடித்துக்கொண்டே இருந்தது. தகடுகளை அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம், வயர் நான்கு மீட்டர். இரண்டு, குடத்தை லேப்டாப் மைக் துளையில் இணைத்தால் "டிக் டிக்" என்று தகரச் சத்தம்தான், குடத்தின் அடிநாதமே இல்லை. மூன்று, போய்ப் பார்க்கிற இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மின்சுற்று

டீச்சர், முதலாவதற்கு அட்டைதான் காரணம், பாதிக்கு வயரும். ஈரம் குடித்த அட்டை மின்சாரத்தைக் கடத்தும். உங்கள் பலகை 4.3 மெகாஓமையே தொடுதல் என்று எடுக்கிறது, நனைந்த அட்டை அதற்கும் கீழே இறங்கிவிடும். கடல் காற்றில் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். மல்டிமீட்டரை 2000கே அளவில் வைத்துத் தகட்டையும் எர்த் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். ஏதாவது எண் காட்டினால் அங்கே கசிவு இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டாலும் 2 மெகாஓமுக்கு மேலான கசிவை அந்த மீட்டர் சொல்லாது, அதனால் நம்பிவிட வேண்டாம்.

தகட்டுக்கு அடியில் அட்டைக்குப் பதிலாக தெர்மகோல் அல்லது பிளாஸ்டிக் கோப்பு உறை வையுங்கள். எர்த் வயரும் தகட்டு வயரும் ஒரே அட்டையைத் தொடவே கூடாது. 10 மெகாஓமை 4.7 ஆகக் குறைத்தால் வரம்பு 2 மெகாஓம் ஆகிவிடும், ஈர நாளிலும் நிற்கும். மிகவும் காய்ந்த கையுள்ள பெரியவர்களுக்கு மட்டும் எடுக்காமல் போகலாம், பக்கத்தில் ஒரு ஈரத்துணி வையுங்கள்.

நான்கு மீட்டர் வயர் என்பது ஆன்டெனா. சுவரிலிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் ஏறும். பலகையைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வயரை ஒரு மீட்டருக்குள் சுருக்கி, யுஎஸ்பி வயரை நீளமாக்குங்கள். அதோடு ஒவ்வொரு பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. கையை எடுத்த பிறகு விடுபட பத்தில் ஒரு பங்கு விநாடி ஆகும், யாருக்கும் தெரியாது. 1 நானோஃபாரட் போட்டால் பற்றாது.

ஒலிக்காரன்

குடத்துக்கு நான் சொல்லாமல் விட்டது என் தவறுதான். பீசோ தகடு ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி, ஏறத்தாழ 20 நானோஃபாரட். லேப்டாப் மைக் துளையின் உள்ளெதிர்ப்பு இரண்டு மூன்று கிலோஓம்தான். இரண்டும் சேர்ந்தால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் வடிகட்டிவிடும். மிஞ்சுவது டிக் டிக். அதே தகட்டை ஒரு மெகாஓம் உள்ளெதிர்ப்பு உள்ள துளையில் கொடுத்தால் அடிநாதம் முழுக்க வரும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதன் முன் துளையில் நேராகச் செருகுங்கள், கணினியே வேண்டாம். சர்ச் இசைக்குழுக்களிடம் கேளுங்கள், நம்ம பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கும். கணினி வழியாகத்தான் வேண்டுமென்றால் "இன்ஸ்ட்ருமென்ட்" பொத்தான் உள்ள யுஎஸ்பி ஆடியோ பெட்டி வேண்டும். வயர் மெல்லிய மைக் வயராக, வெளிவலை உள்ளதாக இருக்கட்டும், வலையைப் பித்தளைப் பக்கம் இணையுங்கள். "ம்ம்" என்று ஓடினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

பாவைநிழல்

மூன்றாவது கேள்விக்கு. கிட்டத்தில் பெரியது கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கியது, நடக்கிற வருடங்களில் டிசம்பரில் ஆரம்பித்து மாதக்கணக்கில் ஓடும். நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளத்துக்கு நேரடி ரயில் உண்டு, அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. மாணவர்களுக்கான பினாலே, பிள்ளைகளுக்கான கலைப் பட்டறை என்று தனிப் பகுதிகளும் இருக்கும், ஆசிரியருக்கு அங்கேதான் கூடுதல் வேலை. சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே இருக்கிறது.

போகும்போது படைப்பை மட்டும் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: வயர் எந்த வழியாகப் போகிறது, எதால் ஒட்டியிருக்கிறது. விளக்கப் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம். ஒரு அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் எப்படித் தடுத்திருக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு படைப்பின் முன் எத்தனை விநாடி நிற்கிறார். வேலை செய்யாத ஒன்றின் முன் காவலாளி என்ன சொல்கிறார். இரண்டு மணி நேரம் இதைச் செய்தால் உங்கள் ஹாலின் வரைபடம் தானாக வந்துவிடும்.

நியூயார்க்கில் 1966 அக்டோபரில் ஒன்பது இரவுகள் நடந்த ஒரு நிகழ்ச்சியில் 10 கலைஞர்களும் பெல் லேப்ஸ் ஆய்வகத்தின் 30 பொறியாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். கலையும் மின்னணுவும் சேர்கிற இன்றைய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் அது முன்னோடி. உங்கள் பள்ளிக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியது அந்த விகிதம்தான்: ஒரு கலைஞருக்கு மூன்று பொறியாளர். ஒன்பது பேர் குழுவில் இரண்டு பேர் வடிவம், ஆறு பேர் வயரும் நிரலும் தச்சும், ஒருவர் வருகிறவர்களிடம் பேசுகிறவர். பேசுகிற பிள்ளையைக் கடைசி நாளில் தேடாதீர்கள், முதல் வாரத்திலிருந்து வேலையில் இருந்தால்தான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும்.

கணினி பற்றாக்குறைக்கு ஒரு வேலை: தோவாளை மாணிக்க மாலையைப் பார்த்திருப்பீர்கள், பூவை மடித்துப் பாய் மாதிரி கட்டம் கட்டமாகத் தொடுப்பது. அதைக் கட்டத்தாளில் எண்ணி, லிப்ரே ஆஃபிஸ் கால்க் விரிதாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண் போடச் சொல்லுங்கள்: வெள்ளைக்கு 0, சிவப்புக்கு 1, பச்சைக்கு 2. கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் நிறம் கொடுத்து, வரிசை உயரத்தையும் பத்தி அகலத்தையும் 0.5 செ.மீ. ஆக்கினால் மாலை திரையில் வந்துவிடும். லிப்ரே ஆஃபிஸின் பழைய பதிப்பு விண்டோஸ் 7-இலும் ஓடும். எண்ணை மாற்றினால் மாலை மாறும், வருகிறவரே ஒரு கட்டத்தை மாற்றிவிட்டுப் போகலாம். அசல் பூவைப் பக்கத்தில் வைப்பதென்றால் பிச்சி சீக்கிரம் துவளும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் சாயங்காலம் முழுக்க நிற்கும். அரளி வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அது விஷம்.

ஆள் கணக்கு: ஒரு இடத்தில் ஒரே நேரம் எட்டுப் பேர், ஆறு நிமிடம். நான்கு இடமும் சுற்ற 24 நிமிடம், ஒரு சுற்றில் 32 பேர். இரண்டு மணி நேரத்தில் ஐந்து சுற்று, 160 பேர். அதற்கு மேல் அழைப்பிதழ் அடித்தால் வாசலில் வரிசை நிற்கும், அவர்களுக்கு உட்கார பெஞ்சு போடணும். நிழல் சாயங்காலத்துக்கு மேல்தான் என்பதால் 6:45-க்கு முன் வந்த இரண்டு மூன்று சுற்றுக்காரர்களுக்குக் கையில் ஒரு வண்ணச் சீட்டு கொடுத்து, நிழலுக்கு மட்டும் திரும்ப வரச் சொல்லுங்கள்.

வடசேரி டீச்சர்

அட்டையை எடுத்துவிட்டு தெர்மகோல் வைத்தோம், 4.7 மெகாஓமும் 10 நானோஃபாரட்டும் போட்டாச்சு. வாளியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தும் தானாக அடிக்கவில்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பக்கத்து சர்ச்சில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும்: அதன் வாட்ஸ் 15 என்று போட்டிருக்கிறது, 160 பேர் வந்து போகிற ஹாலுக்குப் போதுமா?

ஒலிக்காரன்

தாராளம். ஒரு நேரத்தில் குடத்தின் முன் எட்டுப் பேர்தானே. தரையில் வைக்காமல் ஒரு மர ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். பேஸ் குமிழை நடுவில் விட்டு, ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், நகம் படுகிற சத்தம் குறைந்து குடம் மேலே வரும்.